ஜெல்லி ரோல் மார்ட்டன்: எந்தத் தட்டில் எதைக் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

பழைய ஜாஸ் பியானோ பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தோரின் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஜெல்லி ரோல் மார்ட்டனிடமே வந்து நின்றன. எனவே இந்த முறை முழுப் பகுதியும் அவருக்கே.

கேள்வி: "ஜாஸைக் கண்டுபிடித்தவன் நான்தான்" என்று பீற்றிக்கொண்டவர் என்பதற்கு மேல் மார்ட்டனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்: பீற்றலைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். மூன்றே மூன்று பதிவுகள் போதும்.

முதலில் 1923 ஜூலையில் அவர் தனியாக வாசித்த 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்'. இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில், ஸ்டார் பியானோ ஆலை நடத்திய ஜெனட் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்தது. அங்கே மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு முன்னால் வாசிக்க வேண்டும். பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டி வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அடுத்து, 1926 செப்டம்பர் 15 அன்று சிகாகோவில் தன் ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழுவோடு விக்டர் நிறுவனத்துக்கு வாசித்த 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்'. இது மைக் வைத்து எடுத்த மின்பதிவு. மூன்றாவது, நியூயார்க்கில் 1939 டிசம்பரில் ஜெனரல் நிறுவனத்துக்கு மறுபடி தனியாக வாசித்த 'கிங் போர்ட்டர்'.

ஏன் இந்த வரிசை? புனல் பதிவில் அடிநாதம் அநேகமாகக் காணாமல் போய்விடும். அதனால் 1923 தட்டில் வலக்கை பளிச்சென்று கேட்கும், இடக்கை சன்னமாக ஒலிக்கும். "மார்ட்டனின் இடக்கை பலவீனம்" என்று சிலர் சொல்வது இந்தத் தட்டுகளை மட்டும் கேட்டுவிட்டுத்தான். 1939 பதிவைக் கேட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். நடுவில் பெப்பர்ஸை வைத்ததற்கும் காரணம் உண்டு. மார்ட்டன் பியானோவில் செய்வதெல்லாம் ஒரு முழு பேண்டை மனதில் வைத்துச் செய்வது. அந்த பேண்டை ஒரு தடவை தட்டில் கேட்டுவிட்டால், இடக்கையில் டிராம்போன் எங்கே வருகிறது, வலக்கையில் கிளாரினெட் எங்கே நுழைகிறது என்பது தானாகப் பிடிபடும்.

கேள்வி: பிறந்த ஆண்டு சில இடங்களில் 1885, சில இடங்களில் 1890 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: 1890. நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் (பிரெஞ்சு, ஆப்பிரிக்கக் கலப்பு வழிவந்த) குடும்பம். இயற்பெயர் ஃபெர்டினண்ட் ஜோசஃப் லமோத். ஞானஸ்நானச் சான்றிதழில் 1890 அக்டோபர் 20 என்று இருக்கிறது. 1885 என்பது அவரே சொல்லிக்கொண்டது. மார்ட்டன் என்பது மாற்றாந்தந்தையின் 'மூட்டன்' என்ற பெயர் திரிந்து வந்தது.

இந்த ஐந்து வருட வித்தியாசம் சும்மா வந்ததல்ல. 1938-ல் ரிப்ளியின் வானொலி நிகழ்ச்சி ஒன்று புளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியை ஜாஸின் தந்தை என்று அறிமுகப்படுத்தியது. கொதித்துப்போன மார்ட்டன் நீண்ட கடிதம் எழுதினார். 'டவுன் பீட்' இதழ் அதை வெளியிட்டது. 1902-லேயே ஜாஸை உருவாக்கியது தான்தான் என்பது அதில் அவர் வாதம். 1885-ல் பிறந்திருந்தால் அப்போது வயது பதினேழு, ஏதோ நம்பலாம். 1890 என்றால் பன்னிரண்டுகூட நிறைந்திருக்காது.

ஆனால் ஒன்று. பதின்ம வயதிலேயே ஸ்டோரிவில் பகுதியின் விபசார விடுதிகளில் பியானோ வாசித்துச் சம்பாதித்தார் என்பதும், விஷயம் தெரிந்ததும் கொள்ளுப்பாட்டி வீட்டைவிட்டு விரட்டினார் என்பதும் அவர் வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்திகள். 1915-ல் அச்சில் வந்த அவருடைய 'ஜெல்லி ரோல் புளூஸ்', ஜாஸ் உருப்படிகளில் முதன்முதலாக அச்சேறியவற்றுள் ஒன்று. தனி ஆளாக எவரும் ஜாஸைக் கண்டுபிடிக்கவில்லை. வாசித்தது கலையாமல் தாளில் எழுதி, பேண்டுக்குப் பிரித்துக் கொடுத்து, தட்டிலும் பதிய வைக்கலாம் என்று முதலில் காட்டியவர்களில் இவர் முன்வரிசை. அதுவே பெரிய காரியம். மிகைப்படுத்தத் தேவையே இருந்திருக்காது.

கேள்வி: ராக்டைம் வாசிக்கத் தெரியும். 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' பழகிக்கொண்டிருக்கிறேன். சுரமெல்லாம் சரியாக விழுகிறது, ஆனால் மார்ட்டன் மாதிரி ஒலிக்கவில்லை. எங்கே தப்பு?

பதில்: அநேகமாக நான்கு இடங்களில்.

முதலாவது, வலக்கையின் நடை. ஜாஸுக்கு முந்தைய பியானோ பாணியான ராக்டைமில் எட்டிலொரு சுரங்கள் சமமாக விழும். மார்ட்டனிடம் முதலாவது சற்று நீண்டு, இரண்டாவது சற்றுக் குறுகும். ஆனால் பிற்கால ஸ்விங் அளவுக்கு இழுக்கக் கூடாது. 1938-ல் வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக, நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் எடுத்த பதிவில் 'மேப்பிள் லீஃப் ராக்' உருப்படியை முதலில் செயின்ட் லூயிஸ் ராக்டைம் பாணியிலும் பிறகு தன் பாணியிலும் வாசித்துக் காட்டுகிறார். இந்தச் சந்தேகத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துப் பத்துத் தடவை கேளுங்கள்.

இரண்டாவது, இடக்கை. 'அடிச்சுரம்–கார்டு–அடிச்சுரம்–கார்டு' என்று ஊஞ்சலாட்டமாகவே முழு உருப்படியையும் ஓட்டினால் அது மார்ட்டன் ஆகாது. இரண்டு பார், நாலு பாருக்கு ஒருமுறை அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு ஆக்டேவிலேயே படிப்படியாக ஏறி இறங்குவார். டிராம்போன்காரர் உள்ளே நுழைகிற இடம் அது. அதற்குச் சுண்டுவிரலும் கட்டைவிரலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். முதலில் இடக்கையை மட்டும், மெட்ரோனோமில் அரை நோட்டுக்கு (ஹாஃப் நோட்) 60 வைத்து, ஆக்டேவ் ஓட்டங்களைத் தனியாக எடுத்துப் பழகுங்கள். மணிக்கட்டு விறைத்தால் நிறுத்திவிடுங்கள். கை வலிக்கும்போது விரல் நழுவி ஆக்டேவ் ஏழாவது சுரமாக விழும்; அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிப்பது கடினம். தப்பில்லாமல் மூன்று முறை வந்த பிறகு நாலு நாலாகக் கூட்டுங்கள்.

மூன்றாவது, பிரேக். எல்லாரும் நின்றுவிட ஒருவர் மட்டும் இரண்டு பார் தனித்து வாசிக்கும் இடம். மார்ட்டன் இதை ஜாஸின் உயிர்நாடியாகவே பேசுவார். தனி பியானோவில் பிரேக் என்றால் இடக்கை நிஜமாகவே நிற்க வேண்டும். பெரும்பாலோர் அங்கே இரண்டு தவறு செய்வார்கள்: பயத்தில் இடக்கையில் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பது, அல்லது தாளம் இல்லாத துணிச்சலில் ஓடிவிடுவது. காலால் தட்டுங்கள். நூலகப் பதிவில் மார்ட்டனின் கால் தரையில் விழுவது தெளிவாகவே கேட்கும். பெடலையும் பிரேக்கில் தொடவே கூடாது. பெடல் ஒட்டிக்கொண்டால் முந்தைய கார்டு வழிந்து பிரேக்கின் வெற்றிடத்தை நிரப்பிவிடும். பிரேக் விழுந்ததே கேட்பவருக்குத் தெரியாது.

நான்காவது, சத்தம். உருப்படி ஏ-ஃபிளாட்டில் தொடங்கி, ஒரு சின்ன இணைப்புக்குப் பின் டி-ஃபிளாட்டுக்குப் போகும். கடைசி ஸ்டாம்ப் பகுதிதான் உச்சம். முதல் பக்கத்திலேயே ஃபுல் வால்யூம் கொடுத்துவிட்டால் அங்கே போக இடமில்லை. மார்ட்டனே லோமாக்ஸிடம் சொன்ன விளக்கம்: டம்ளர் நிறைந்திருந்தால் இன்னொரு சொட்டு ஊற்ற முடியாது, பாதி இருந்தால்தான் ஊற்றலாம். முதல் இரு பகுதிகளை நடுத்தரத்துக்கும் கீழே வையுங்கள். வலக்கையில் ஆக்டேவும் நடுவில் நிரப்புச் சுரமுமாக முழுக் கார்டு பிடிப்பதைக் கடைசிச் சுற்றுக்கென்று சேமித்துவையுங்கள்.

நோட்டு வேண்டுமென்றால் ஜேம்ஸ் டபோக்னி தட்டுகளைக் கேட்டு எழுதி, 1982-ல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட தொகுப்பை நம்பலாம். மெல்ரோஸ் பதிப்பகத்தின் பழைய அச்சுப் பிரதிகள் எளிமைப்படுத்தியவை. அவற்றை வைத்து மார்ட்டன் வாசித்ததைப் பிடிக்க முயல்வது வீண்.

கேள்வி: "ஸ்பானிஷ் சாயல்" என்கிறார்களே, அது என்ன?

பதில்: இடக்கையில் ஹபனேரா என்ற கியூப நடன நடை. எட்டு மாத்திரையை 3+3+2 என்று பிரித்து 1, 4, 7-ல் தட்டிப் பாருங்கள், அதுதான் எலும்புக்கூடு. அதன் மேல் வலக்கை புளூஸ் வாசிக்கும். இந்தச் சாயல் இல்லாவிட்டால் ஜாஸுக்குச் சரியான மசாலா சேராது என்பது அவர் கட்சி. 1923-ன் 'நியூ ஆர்லியன்ஸ் ஜாய்ஸ்', 1924-ன் 'மமனிட்டா', 1939-ன் 'தி கிரேவ்' மூன்றையும் கேளுங்கள். முதலாவதில் வலக்கை தாளத்தை விட்டு விலகி மிதப்பதும், இடக்கை அசையாமல் நிற்பதும் வியப்பாக இருக்கும். இரண்டு கையையும் ஒரே நாளில் சேர்க்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ரெட் ஹாட் பெப்பர்ஸ் பதிவுகளில் எது எழுதி வாசித்தது, எது அந்த நேரத்துக் கற்பனை?

பதில்: கட்டடம் எழுதியது, ஜன்னல் வழியே தெரிவது கற்பனை. தனி வாசிப்புகளில் ஆட்களைச் சுதந்திரமாக விட்டார்; யார் எப்போது நுழைவது, எங்கே நிற்பது, எங்கே இரண்டு பார் பிரேக் என்பதையெல்லாம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துத் தீர்மானித்துவிடுவார். அக்காலத்து ஜாஸ் பதிவுகளுக்கு அவ்வளவு ஒத்திகை வழக்கமில்லை.

'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்' குழுவில் ஜார்ஜ் மிட்செல் கார்னெட், கிட் ஓரி டிராம்போன், ஓமர் சிமியன் கிளாரினெட், ஜானி செயின்ட் சிர் பாஞ்சோ, ஜான் லிண்ட்சே பாஸ், ஆண்ட்ரூ ஹிலேர் டிரம்ஸ், மார்ட்டன் பியானோ. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம், மூன்று நிமிடம் சொச்சம். பி-ஃபிளாட்டில் ஆரம்பித்து ஈ-ஃபிளாட்டுக்குப் போனதும் வரும் இரண்டாம் பகுதியை எண்ணிப் பாருங்கள். பதினாறு பார் வருமென்று எதிர்பார்ப்பீர்கள், வருவதோ இருபது. அதன்மேல் கிளாரினெட், துணையே இல்லாமல் பியானோ, மற்றவர்கள் வெட்டி வெட்டித் தட்ட கார்னெட், பிறகு பாஞ்சோ என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். லிண்ட்சேயின் பாஸை மட்டும் ஒருமுறை தொடருங்கள். பாருக்கு இரண்டு, பாருக்கு நான்கு என்று மாறி மாறிப் போவார். அந்தத் தட்டு ஒரே வேகத்தில் போனாலும் வேகம் கூடுவதுபோலத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

அடுத்த வாரமே, செப்டம்பர் 21 அன்று பதிவான 'சைட்வாக் புளூஸ்', 'டெட் மேன் புளூஸ்' இரண்டிலும் கூடுதலாக இரண்டு கிளாரினெட்டுகளை வரவழைத்து, ஒரே ஒரு இடத்தில் மூன்றையும் சேர்ந்து வாசிக்க வைத்தார். ஒரு நிறத்துக்காக இரண்டு ஆளுக்குச் சம்பளம்! 1928 முதல் நியூயார்க்கில் பதிந்த பேண்டு தட்டுகள் இந்தக் கட்டுக்கோப்புக்கு ஈடாகவில்லை என்பது எங்கள் கருத்து. விதிவிலக்கு, 1928 ஜூனில் சிமியனோடும் டிரம்மர் டாமி பென்ஃபோர்டோடும் மூவராக வாசித்த 'ஷ்ரீவ்போர்ட் ஸ்டாம்ப்'.

கேள்வி: இணையத்தில் ஒரே 1923 பதிவு ஓரிடத்தில் சுருதி ஏறியும், இன்னோரிடத்தில் இறங்கியும் கேட்கிறது. நேரமும் பத்துப் பதினைந்து வினாடி மாறுகிறது. எது அசல்?

பதில்: நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயரளவில்தான். புனல் காலத்தில் தட்டு வெட்டிய வேகம் கூடத்துக்குக் கூடம், சில நேரம் நாளுக்கு நாள் மாறியது. மாற்றிப் பதிந்தவர் 78-ஐ நம்பி அப்படியே ஓட்டியிருந்தால் சுருதி தவறும்.

சரிபார்க்க வழி: அச்சிட்ட உருப்படி எந்தச் சுருதியில் இருக்கிறது என்று பாருங்கள். 'கிங் போர்ட்டர்' ஏ-ஃபிளாட். உங்கள் கோப்பை ஓடவிட்டுப் பியானோவில் தொட்டுப் பார்க்கும்போது ஏ வந்தால் அரைச்சுரம் கூடியிருக்கிறது. ஜி வந்தால் அரைச்சுரம் குறைந்திருக்கிறது. அரைச்சுரத்துக்கு வேகக் கணக்கு ஏறக்குறைய 6 சதவீதம்: மூன்று நிமிடப் பதிவு 2 நிமிடம் 50 வினாடியாகச் சுருங்கும். நீங்கள் சொன்ன பத்து வினாடி அங்கிருந்துதான் வருகிறது. ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் வேகத்தை, கூடியிருந்தால் 5.6 சதவீதம் குறையுங்கள்; குறைந்திருந்தால் 5.9 கூட்டுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். சுருதி சரியாகும், நடை தப்பாகவே நிற்கும். கூடத்துப் பியானோ இன்றைய 440 ஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருதி கூட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை. எனவே கால் சுரத்துக்குள் வந்தால் விட்டுவிடுங்கள்.

தட்டையே வைத்திருந்தால்: எல்.பி. (பிற்கால நீளத்தட்டு) ஊசியை வைக்காதீர்கள். 78-க்கு ஏறக்குறைய 3 மில் (0.003 அங்குலம்) அகல ஊசி வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். புனல் பதிவுகளுக்கு எல்.பி. தட்டுக்கான சமனாக்கத்தை (ஈக்வலைசேஷன்) போட்டால் உயர்நாதம் மழுங்கிவிடும். அதேபோல் இரைச்சல் நீக்கியை அளவோடு போடுங்கள். மிஞ்சினால் பியானோ விசையின் முதல் தட்டும் சேர்ந்து போய்விடும். வாங்கிக் கேட்பதானால், 1926–30 விக்டர் பதிவுகளுக்கு ஜான் ஆர். டி. டேவிஸ் சீரமைத்த ஜே.எஸ்.பி. ஐந்து சிடி தொகுப்பு இன்றும் சளைக்காதது.

கேள்வி: பியானோ ரோல்களில் இரைச்சலே இல்லையே, அவற்றைக் கேட்டாலே போதாதா?

பதில்: போதாது. 1924-ல் சின்சினாட்டியின் வோகல்ஸ்டைல் நிறுவனத்துக்காக அவர் செய்த ரோல்கள் உள்ளன. ஆனால் ரோல் என்பது தானியங்கிப் பியானோவில் ஓட்டும் துளையிட்ட காகிதம். எந்தச் சுரம், எப்போது என்பதுண்டு. எவ்வளவு அழுத்தி என்பது கிடையாது. நிறுவனத்தார் துளைகளை ஒழுங்குபடுத்துவதும், கூடுதல் சுரம் சேர்ப்பதும் சகஜம். காகிதம் ஓடும் வேகத்தை இயக்குபவர் தீர்மானிக்கிறார். 1997-ல் ஆர்ட்டிஸ் வோட்ஹவுஸ் தட்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டு அழுத்தத்தையும் நடையையும் திருத்தி நன்சச் வெளியீடாகக் கொண்டுவந்தது கேட்க இனிமையானது. அதுவும் ஓர் ஆய்வாளரின் ஊகம் என்பதை மறவாமல் கேளுங்கள்.

கேள்வி: லோமாக்ஸ் பதிவுகள் என்று அடிக்கடி சொல்கிறார்கள். முழுவதும் கேட்கத் தகுந்தவையா?

பதில்: 1938-ல் மார்ட்டன் வாஷிங்டனில் ஒரு சிறு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். மே 23 அன்று ஆலன் லோமாக்ஸ் அவரைக் காங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கத்துக்கு அழைத்துப் பியானோ முன் உட்கார வைத்தார். மார்ட்டன் பேசிக்கொண்டே வாசித்தார். எட்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சேர்ந்தது. அசிடேட் தட்டு சில நிமிடத்தில் நிரம்பிவிடும் என்பதால் கதை நடுவில் வெட்டுப்படும். நூலகப் பதிவுக் கருவியின் வேகமும் நிலையில்லை. அதனால் பழைய எல்.பி. வெளியீடுகளில் சுருதி தவறியிருக்கும். 2005-ல் ரவுண்டர் வெளியிட்ட எட்டு சிடி தொகுப்பில் இதைச் சரிசெய்திருக்கிறார்கள்.

முழுவதும் கேளுங்கள், ஆனால் இரண்டு எச்சரிக்கை. விடுதிப் பாட்டுகள் சில பச்சையானவை. பல பத்தாண்டுகள் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். வீட்டில் ஸ்பீக்கரில் போடுமுன் யோசியுங்கள். அடுத்து, அவர் சொல்லும் ஆண்டுகளை நம்பாதீர்கள், கை வாசிப்பதை நம்புங்கள். மற்ற பியானோக்காரர்கள் எப்படி வாசித்தார்கள் என்று அவர் செய்து காட்டும் இடங்கள், தட்டே பதியாமல் மறைந்துபோன ஒரு தலைமுறைக்கு நமக்கிருக்கும் மிக நெருங்கிய சாட்சி.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆள் ஏன் வறுமையில் இறந்தார்?

பதில்: முன்பல்லில் வைரம் பதித்துத் திரிந்தவர்தான். 1930-களின் தொடக்கத்தில் விக்டர் ஒப்பந்தம் முடிந்தது. பெருமந்தத்தில் தட்டு வியாபாரமே படுத்துவிட்டது. அவர் பாணி பழையது என்றாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 1935-ல் பென்னி குட்மன் பேண்டு ஃபிளெட்சர் ஹெண்டர்சன் பேண்டுக்காகப் பிரித்தெழுதிய வடிவில் பதிந்த 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' நாடெங்கும் ஓடியது. தன் உரிமைப் பணம் வரவில்லை என்று பதிப்பாளர்கள் மீது கடைசிவரை புகார் சொல்லிக்கொண்டிருந்தார். 1938-ல் வாஷிங்டன் கிளப்பில் கத்திக்குத்து வாங்கினார்; அதன்பின் உடல் தேறவேயில்லை. 1940 இறுதியில் இரண்டு கார்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு ஓட்டிச் சென்றார். 1941 ஜூலை 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். கல்லறைக்குப் பெயர்க்கல் 1950-ல்தான் வந்தது. வைத்தது ஒரு ரசிகர் சங்கம்.

கேள்வி: அவர் பதிவை என் காணொளிக்குப் பின்னணியாகப் போட்டால் உரிமைச் சிக்கல் வருமா?

பதில்: அமெரிக்கச் சட்டப்படி, 1923-ல் வெளியான ஒலிப்பதிவுகள் 2024 ஜனவரி 1 முதலும், 1924-ல் வெளியானவை 2025 ஜனவரி 1 முதலும் பொதுவுடைமை. ஆகவே ஜெனட் தனி பியானோ தட்டுகளில் அந்த இரண்டு ஆண்டுகளில் வெளிவந்தவை அங்கே சுதந்திரம். 1926-ல் வெளியான பெப்பர்ஸ் தட்டுகளுக்கு 2027 ஜனவரி 1 வரை பொறுக்க வேண்டும். 1938, 1939 பதிவுகளைத் தொடாதீர்கள். மற்ற நாடுகளில் காலக்கணக்கு வேறு. தளத்தின் தானியங்கிக் கருவி தப்பாக உரிமை கோரினால், தட்டின் வெளியீட்டு ஆண்டைக் குறிப்பிட்டு மறுப்பு அனுப்புங்கள். தட்டு எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.